எச்.ஐ.வி. மாத்திரையும் எடை, சர்க்கரை, கொழுப்பும்: மருத்துவர் பதில்கள்

சென்ற இதழில் எச்.ஐ.வி. தொற்றுக்கான கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பற்றி எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வைரஸைப் பற்றிக் கேட்கவில்லை. ஏறிக்கொண்டே போகும் எடை, புதிதாக வந்து சேர்ந்த சர்க்கரை, ஒட்டிப்போன கன்னம், ரத்தத்தில் கூடிய கொழுப்பு என்று மருந்துகளின் வளர்சிதை மாற்றப் பக்கவிளைவுகளைப் பற்றியே கேட்டிருந்தன. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். எழுதியவர்களின் பெயரையும் ஊரையும் நீக்கிவிட்டேன்.

ஏறக்குறைய எல்லாக் கடிதங்களிலும் ஒரு தகவல் விடுபட்டிருந்தது. 'எச்.ஐ.வி. மாத்திரை சாப்பிடுகிறேன்' என்று எழுதியவர்களில் பலர் அது எந்த மாத்திரை என்பதைக் குறிப்பிடவில்லை. வீட்டுக்கு வருபவர்கள் பார்த்துவிடக் கூடாதே என்று டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் தாளைக் கிழித்துவிடுவதும், மாத்திரைகளை வேறு டப்பாவுக்கு மாற்றிவிடுவதும் பலருக்கு வழக்கம் என்பதை அறிவேன். அவ்வாறு செய்பவர்கள் மருந்தின் பெயரையும் அளவையும் ஒரு துண்டுச் சீட்டிலோ கைபேசியிலோ குறித்துக்கொண்ட பிறகு கிழிக்க வேண்டும். டப்பாவுக்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும். எச்.ஐ.வி.க்கு எதிராக இதுவரை இருபதுக்கும் மேற்பட்ட மருந்துகள் புழக்கத்துக்கு வந்துள்ளன. கன்னத்துக் கொழுப்பைக் கரைத்த மருந்து வேறு, எடையைக் கூட்டும் மருந்து வேறு, சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து வேறு. பெயர் தெரியாத மாத்திரைக்குப் பக்கவிளைவு சொல்வது ஊகமாகத்தான் முடியும்.

கேள்வி: எனக்கு வயது 38, உயரம் 152 செ.மீ. ஒன்பது ஆண்டுகளாக அரசு ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. கூட்டு மருந்துச் சிகிச்சை) மையத்தில் மருந்து வாங்குகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன், இரவில் போட்டுக்கொண்டிருந்த எஃபாவிரென்ஸ் மாத்திரையை நிறுத்திவிட்டு டோலுடெக்ராவிர் கலந்த மாத்திரை கொடுத்தார்கள். அப்போது 51 கிலோ இருந்தேன். இப்போது 60 கிலோ. வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலையில் இருக்கிறது என்று சொல்கிறார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை போட்டால் எடை குறையுமா?

குறையாது. வைரஸ்தான் கூடும். மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறி இறங்கும்போது அரைகுறை மருந்துக்குப் பழகிய வைரஸ்கள் தழைத்து, இன்று ஒரே மாத்திரையில் அடங்கியிருக்கும் உங்கள் சிகிச்சை நாளை பல மாத்திரைகளாகவும் கடுமையான பக்கவிளைவுகளாகவும் மாற இடமுண்டு. இதை முதலில் சொல்லிவிட்டு உங்கள் எடைக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கவலை நியாயமானது. 152 செ.மீ. உயரத்துக்கு 51 கிலோ என்பது உடல் நிறைக் குறியீட்டில் 22. 60 கிலோ என்பது ஏறத்தாழ 26. தெற்காசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோயும் இதய நோயும் வருவதால், நமக்கு 23-ஐத் தாண்டினாலே கூடுதல் எடை என்று கணக்கிடுகிறோம்.

சிகிச்சை தொடங்கும்போது மெலிந்திருந்தவர்கள் எடை கூடுவது உடல் தேறுவதன் அடையாளம். உங்களுக்கு நடந்திருப்பது அதுவல்ல. ஆறு ஆண்டுகள் சிகிச்சையில் நிலையாக இருந்த பிறகு மருந்து மாறியதை ஒட்டி எடை கூடியிருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரில் நடந்து 2019-இல் வெளியான ஒரு பெரிய ஒப்பீட்டு ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. அதில் புதிதாகச் சிகிச்சை தொடங்கியவர்களுக்கு மூன்று வகைக் கூட்டு மருந்துகள் தரப்பட்டன. பழைய எஃபாவிரென்ஸ் பிரிவில் இருந்த பெண்கள் 48 வாரங்களில் சராசரியாக 2 கிலோவுக்கும் குறைவாகவே கூடினார்கள். டோலுடெக்ராவிருடன் டெனோஃபோவிர் என்ற மற்றொரு எச்.ஐ.வி. மருந்தின், இங்கே நாம் கொடுக்கும் வடிவம் சேர்ந்தபோது சுமார் 3 கிலோ கூடினார்கள். டோலுடெக்ராவிருடன் டெனோஃபோவிர் அலாஃபெனமைடு என்ற புதிய வடிவம் சேர்ந்தபோது 6 கிலோவுக்கு மேல் கூடினார்கள். ஆண்களைவிடப் பெண்களிடம் கூடுதல் அதிகமாக இருந்தது. அதே ஆண்டில் கேமரூன் நாட்டிலிருந்து வந்த ஆய்வும் இதே திசையைக் காட்டியது.

இதில் பலர் கவனிக்காத ஒரு பகுதி உண்டு. டோலுடெக்ராவிர் எடையைக் கூட்டுகிறது என்பது பாதி உண்மைதான். எஃபாவிரென்ஸ் எடையை அழுத்தி வைத்திருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சிலருடைய ஈரல், மரபணு அமைப்பின் காரணமாக, எஃபாவிரென்ஸை மெதுவாகவே உடைக்கும். அவர்களுடைய ரத்தத்தில் அந்த மருந்து அதிகமாகத் தேங்கி எடை ஏறாமல் தடுத்தது. மருந்து மாறியதும் அந்தத் தடை நீங்கிவிடுகிறது. இரவில் தலைசுற்றல், கெட்ட கனவு, காலையில் மந்தம் என்று எஃபாவிரென்ஸ் தந்த தொல்லைகளை நீங்கள் மறந்திருக்கலாம். எடைக்காக அதற்குத் திரும்பிப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மருந்தை மீண்டும் மாற்றியவர்களுக்கெல்லாம் ஏறிய எடை இறங்கிவிடவும் இல்லை.

ஆகவே மருந்தை அப்படியே வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பார்க்க வேண்டும். தைராய்டு பரிசோதனை ஒருமுறை செய்துகொள்ளுங்கள். மனச்சோர்வுக்கோ வலிப்புக்கோ வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று சொல்லுங்கள். அவற்றில் சில எடையைக் கூட்டும். தொப்புள் மட்டத்தில் இடுப்புச் சுற்றளவை மாதம் ஒருமுறை அளந்து எழுதுங்கள். பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. என்பது எல்லை. எடைக் கருவி சொல்லாததை இந்த நாடா சொல்லும்.

உணவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு முன் எச்.ஐ.வி. என்றால் எலும்பும் தோலுமாக வருவார்கள். எனவே ஆலோசகர்கள் எல்லாரும் சத்துமாவுக் கஞ்சி, முட்டை, நெய், வேர்க்கடலை உருண்டை, நிறையச் சோறு என்று வலியுறுத்தினார்கள். அப்போது அது சரியான அறிவுரை. குடும்பங்களில் அது இன்றும் மாறாமல் இருக்கிறது. 'நீ மருந்து சாப்பிடுகிறாய், நன்றாகச் சாப்பிடு' என்று வீட்டில் உள்ளவர்கள் இன்னொரு கரண்டி போடுகிறார்கள். உடல் நிறைக் குறியீடு 26 உள்ளவருக்கு அந்தக் கரண்டி தேவையில்லை. முட்டையும் பருப்பும் கீரையும் இருக்கட்டும்; கஞ்சியில் சர்க்கரையையும், மூன்று வேளைச் சோற்றில் ஒரு வேளையையும், மாலை நேர பஜ்ஜியையும் டீயோடு வரும் பிஸ்கட்டையும் குறையுங்கள். நாள்தோறும் அரை மணி நேரம் வியர்க்க நடப்பதோடு, வாரத்தில் இரண்டு நாட்கள் கை கால் தசைகளுக்கு வேலை தரும் பயிற்சியும் செய்தால் சர்க்கரைக்கும் அது காப்பாகும். ஓராண்டில் 3 கிலோ குறைந்தாலே நல்ல பலன்.

கேள்வி: வயது 52. சரக்கு வண்டி ஓட்டுகிறேன். டோலுடெக்ராவிர் மாத்திரைக்கு மாறிய நான்கு மாதத்தில் சர்க்கரை வந்துவிட்டது. அந்த மாத்திரைதான் காரணமா? வெறும் வயிற்றில் 168. தனியார் சர்க்கரை மருத்துவர் மெட்ஃபார்மின் 500 மி.கி. இருவேளை கொடுத்தார், பிறகு அதை 1000 மி.கி. இருவேளை ஆக்கினார். அதிலிருந்து வயிற்றுப்போக்கு, குமட்டல். எனக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவரிடம் சொல்லவில்லை. மூன்று மாத சராசரிச் சர்க்கரை 6.3 தான் என்கிறார்கள், ஆனால் விரல் நுனிப் பரிசோதனையில் அதிகம் காட்டுகிறது. எதை நம்புவது?

உங்கள் கடிதத்தில் மூன்று சிக்கல்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. உடனே கவனிக்க வேண்டியது மெட்ஃபார்மின் அளவு.

மெட்ஃபார்மின் உடலில் உடைபடாமல் சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. அது வெளியேறப் பயன்படுத்தும் கடத்திப் புரதங்களை டோலுடெக்ராவிர் அடைத்துவிடுகிறது. இதனால் நாளுக்கு ஒரு டோலுடெக்ராவிர் மாத்திரை சாப்பிடுபவரின் ரத்தத்தில் மெட்ஃபார்மின் மொத்த அளவு சுமார் 80 சதவீதம் கூடுகிறது. நீங்கள் 2000 மி.கி. விழுங்கினாலும் உங்கள் உடல் 3500 மி.கி.க்கு மேல் விழுங்கியதைப் போல அதை உணரும். வயிற்றுப்போக்குக்கும் குமட்டலுக்கும் அதுவே காரணமாக இருக்க வாய்ப்பு மிகுதி. டோலுடெக்ராவிரோடு சேரும்போது மெட்ஃபார்மின் நாளொன்றுக்கு மொத்தம் 1000 மி.கி.யைத் தாண்டக் கூடாது என்பது பொது விதி. சிறுநீரகம் பழுதுபட்டிருந்தால் அதையும் குறைக்க வேண்டும் அல்லது நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் தேங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே இந்த வாரத்திலேயே மருத்துவரைப் பார்த்து அளவைக் குறைத்துக்கொண்டு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். 1000 மி.கி. போதாவிட்டால் கிளிமிபிரைடு, சிட்டாகிளிப்டின், இன்சுலின் என்று வேறு வழிகள் இருக்கின்றன. அவை டோலுடெக்ராவிரோடு மோதுவதில்லை.

இதைச் செய்ய வேண்டுமானால் சர்க்கரை மருத்துவருக்கு உங்கள் மற்ற மாத்திரை தெரிந்தாக வேண்டும். நீங்கள் சொல்லாமல் இருந்ததற்காக நான் குறை கூறப்போவதில்லை. சொன்னதால் அவமதிக்கப்பட்டவர்களின் கடிதங்களும் என் மேசையில் உள்ளன. ஆனால் 2017-ஆம் ஆண்டு நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், தொற்று உள்ளவருக்குச் சிகிச்சை மறுப்பதையும் அவருடைய ஒப்புதலின்றி அவரது நிலையைப் பிறரிடம் வெளியிடுவதையும் தடை செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். நேரில் சொல்லத் தயக்கமாக இருந்தால் ஏ.ஆர்.டி. மைய மருத்துவரிடம் ஒரு குறிப்புக் கடிதம் வாங்கி மூடிய உறையில் கொடுங்கள். அதுவும் முடியாதென்றால் சர்க்கரைக்கான சிகிச்சையை அரசு மருத்துவமனைக்கு மாற்றிக்கொண்டு, இரண்டு மருந்துச் சீட்டுகளையும் ஒரே மருத்துவர் பார்க்கும்படி செய்யுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை மாத்திரையை வீட்டிலேயே பெறுபவர்களுக்கும் இதையே சொல்கிறேன். வீட்டுக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலரிடம் எதையும் சொல்ல வேண்டியதில்லை, மாத்திரை எழுதிக் கொடுக்கும் மருத்துவரிடம் சொன்னால் போதும்.

அடுத்தது, எந்த முடிவை நம்புவது என்பது. எச்.பி.ஏ.1.சி. எனப்படும் மூன்று மாத சராசரி, சிவப்பணுக்கள் எத்தனை நாள் ரத்தத்தில் இருந்து சர்க்கரையில் ஊறின என்பதைப் பொறுத்தது. எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் அது உண்மையான சர்க்கரையைவிடக் குறைவாகக் காட்டுவது உண்டு. ஜிடோவுடின், அபாகாவிர் ஆகிய எச்.ஐ.வி. மருந்துகளைச் சாப்பிடுபவர்களிடம் இது நன்கு அறியப்பட்டிருக்கிறது. ஆகவே உங்களுக்கு வெறும் வயிற்றிலும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் ஆய்வகத்தில் எடுக்கும் ரத்தச் சர்க்கரையே அடிப்படையாக இருக்கட்டும்.

டோலுடெக்ராவிரால்தான் சர்க்கரை வந்ததா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆப்பிரிக்க நாடுகளில், குறிப்பாக உகாண்டாவில், மருந்து மாறிய சில வாரங்களிலும் மாதங்களிலும் சர்க்கரை திடீரென ஏறியவர்களை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அவர்களில் பலர் வயது கூடியவர்கள், எடை மிகுந்தவர்கள் அல்லது ஏற்கெனவே ரத்த அழுத்தம் உள்ளவர்கள். காரணம் இன்னும் முழுமையாக நிறுவப்படவில்லை. 52 வயதில், நாள் முழுவதும் வண்டியில் உட்கார்ந்திருக்கும் ஒரு தமிழருக்கு மருந்தே இல்லாமலும் சர்க்கரை வரலாம் என்பதால், உங்கள் விஷயத்தில் பழியை முழுவதும் மாத்திரை மேல் போட நான் தயாரில்லை. ஆனால் அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், சில வாரங்களில் மளமளவென எடைக் குறைவு, வாந்தி, மூச்சு வாங்குதல் ஆகியவை சேர்ந்து வந்தால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்; அத்தகைய நிலையில் மருந்தை மாற்றுவது பற்றியும் ஏ.ஆர்.டி. மையத்தில் முடிவு செய்வார்கள்.

நெடுஞ்சாலைக் கடையில் சாப்பிட்டுவிட்டு நெஞ்செரிச்சலுக்கு அமிலமுறிவு மருந்து குடிப்பது ஓட்டுநர்களிடம் சகஜம் என்பதால் இன்னொன்றையும் சேர்க்கிறேன். அலுமினியம், மெக்னீசியம் கலந்த அந்த மருந்துகள் டோலுடெக்ராவிரை உடலில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். அவற்றைக் குடிப்பதற்கு 2 மணி நேரம் முன்போ, குடித்து 6 மணி நேரம் கழித்தோதான் உங்கள் மாத்திரையைச் சாப்பிட வேண்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் இதே இடைவெளிதான்; ஆனால் அவற்றை உணவோடு சேர்த்து டோலுடெக்ராவிருடன் ஒரே நேரத்தில் சாப்பிடலாம்.

கேள்வி: 2006 முதல் 2011 வரை நான் சாப்பிட்ட மாத்திரையால் கன்னம் குழி விழுந்துவிட்டது. கை கால்களில் நரம்பு புடைத்துத் தெரிகிறது, பின்புறச் சதை வற்றிவிட்டது, வயிறு மட்டும் பெருத்துவிட்டது. மருந்து மாற்றிப் பல ஆண்டுகள் ஆகியும் முகம் பழையபடி ஆகவில்லை. பார்த்தவுடனே நோய் தெரிந்துவிடுகிறது. இது எப்போது சரியாகும்?

நீங்கள் எழுதியிருக்கும் ஆண்டுகளையும் அடையாளங்களையும் வைத்துப் பார்த்தால் அது ஸ்டாவுடின் என்ற மருந்தாக இருக்க வேண்டும். இந்தியாவில் அரசு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை 2004 ஏப்ரல் 1-இல் தொடங்கியது. தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை அதன் முதல் மையங்களில் ஒன்று. அப்போது ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின் மூன்றும் ஒரே மாத்திரையாகக் குறைந்த விலைக்குக் கிடைத்ததால் அதுவே பெருமளவில் கொடுக்கப்பட்டது. அந்த மாத்திரை இல்லாவிட்டால் உங்களைப் போன்ற பலர் இன்று இதைக் கேட்க இருந்திருக்க மாட்டார்கள். அதே மாத்திரைதான் உங்கள் முகத்தையும் எடுத்துக்கொண்டது. இரண்டும் உண்மை, ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க வேண்டியதில்லை.

உயிரணுவின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனி மரபுப் பொருள் உண்டு. வைரஸின் நகலெடுக்கும் நொதியைத் தடுக்க வந்த ஸ்டாவுடின், மைட்டோகாண்ட்ரியாவின் நகலெடுக்கும் நொதியையும் சேர்த்துத் தடுத்தது. தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு உயிரணுக்கள் இதனால் மடிந்தன. கன்னம், கை, கால், பின்புறம் ஆகிய இடங்களில் கொழுப்பு வற்ற, அங்கெல்லாம் ரத்தக் குழாய்கள் கயிறுபோல் வெளியே தெரிந்தன. பாதத்தில் எரிச்சலும் மரப்பும் வந்ததும், சிலருக்கு லாக்டிக் அமிலம் கூடி உயிர் போனதும் இதே காரணத்தால்தான். ஜிடோவுடினுக்கும் இந்தக் குணம் ஓரளவு உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 2009-இல் ஸ்டாவுடினைப் படிப்படியாகக் கைவிடச் சொன்னது. பணக்கார நாடுகள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அதை ஒதுக்கிவிட்டன என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் உறுத்தலாகத்தான் இருக்கிறது.

மருந்தை மாற்றிய பிறகு வற்றிய கொழுப்பு மிக மெதுவாக, ஆண்டுக் கணக்கில், ஓரளவுக்குத் திரும்புகிறது. கை கால்களில் திரும்பும் அளவுக்கு முகத்தில் தெரிவதில்லை. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு இனி மருந்தால் பெரிய மாற்றம் வரும் என்று நம்பிக்கை ஊட்டினால் அது பொய்யாகும். நெய்யும் வெண்ணெயும் சாப்பிட்டால் அது கன்னத்துக்குப் போகாது, வயிற்றுக்குத்தான் போகும். கன்னத்தில் ஊசி வழியாக நிரப்பும் பொருட்கள் உண்டு; பாலிலாக்டிக் அமிலம் என்ற பொருளுக்கு அமெரிக்காவில் 2004-இல் எச்.ஐ.வி. முக மெலிவுக்கென்றே அனுமதி கிடைத்தது. அதைப் பல முறை போட வேண்டும், செலவு அதிகம், பலனும் நிலையானதல்ல. செய்வதானால் தகுதி பெற்ற தோல் மருத்துவர் அல்லது ஒட்டுறுப்பு (பிளாஸ்டிக்) அறுவை மருத்துவரிடம் மட்டும் செய்யுங்கள். அழகு நிலையங்களை நாட வேண்டாம்.

உங்கள் வயிற்றைத்தான் நான் இன்னும் அதிகமாகக் கவனிக்கச் சொல்வேன். உள்ளுறுப்புகளைச் சுற்றிச் சேரும் அந்தக் கொழுப்பு சர்க்கரைக்கும் இதய நோய்க்கும் இட்டுச் செல்லும். அது உணவுக்கும் உடற்பயிற்சிக்கும் இணங்கும். ஆண்டுக்கொரு முறை சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் மூன்றையும் பாருங்கள்.

கேள்வி: என் தம்பிக்கு முதல் நிலை மருந்து வேலை செய்யாததால் அட்டசனாவிர், ரிட்டோனாவிர் கலந்த இரண்டாம் நிலை மருந்து கொடுத்தார்கள். கண் மஞ்சளாகிவிட்டது. காமாலை என்று அம்மா கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறார். ட்ரைகிளிசரைடு 480 இருக்கிறது. பக்கத்துத் தெரு மருத்துவர் சிம்வாஸ்டாட்டின் எழுதியிருக்கிறார். மூட்டு வலிக்கு ஊசியும் போடச் சொல்கிறார். எல்லாவற்றையும் சேர்த்துச் செய்யலாமா?

கொழுப்பைக் குறைக்கும் அந்த சிம்வாஸ்டாட்டினை வாங்கியிருந்தால் தொட வேண்டாம். ரிட்டோனாவிர், ஈரலில் பல மருந்துகளை உடைக்கும் நொதியை முடக்கிவிடும் இயல்புடையது. உடன் இருக்கும் அட்டசனாவிர் ரத்தத்தில் நீடித்து நிற்பதற்காகவே அதைச் சேர்க்கிறார்கள். ஆனால் அந்த நொதியை நம்பியிருக்கும் சிம்வாஸ்டாட்டினும் அதே காரணத்தால் பல மடங்கு உயர்ந்து தசைகளைச் சிதைக்கும். சிதைந்த தசைப் புரதம் சிறுநீரகத்தை அடைத்துவிடும். லோவாஸ்டாட்டினும் அப்படியே. தேவையென்றால் அட்டோர்வாஸ்டாட்டினைக் குறைந்த அளவிலோ, ரோசுவாஸ்டாட்டினை 10 மி.கி.க்கு மிகாமலோ, பிட்டாவாஸ்டாட்டினையோ கொடுக்கலாம்.

மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி பற்றி இன்னும் கடுமையாகச் சொல்வேன். டிரையம்சினலோன் ஒரே ஒரு ஊசி போட்டாலும் ரிட்டோனாவிர் அதை உடையவிடாமல் வாரக்கணக்கில் உடலில் தேக்கும். முகம் உப்பும், சர்க்கரை ஏறும், ரத்த அழுத்தம் ஏறும், உடலின் சொந்த ஸ்டீராய்டு சுரப்பு படுத்துவிடும். ஆஸ்துமாவுக்கான புடசோனைடு, ஃபுளூட்டிகாசோன் இன்ஹேலர்களும் இதே விளைவைத் தரும். ஒற்றைத் தலைவலிக்குக் கடையில் வாங்கும் எர்கோட்டமின் மாத்திரை விரல்களுக்கு ரத்தம் போகாமல் செய்துவிடும்.

கண் மஞ்சளைப் பொறுத்தவரை, அட்டசனாவிர் சாப்பிடுபவர்களிடம் அது பரவலாகக் காணப்படும் ஒன்று. பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருளைப் பதப்படுத்தும் நொதியை அந்த மருந்து தடுப்பதால் மஞ்சள் நிறம் தேங்குகிறது. ஈரல் கெடவில்லை, மருந்தை நிறுத்தினால் மறைந்துவிடும். ஆனால் அது அந்த வகைதான் என்பதை ரத்தப் பரிசோதனையில் ஈரல் நொதிகளும் நேரடி பிலிருபினும் இயல்பாக இருப்பதைக் கண்டும், மஞ்சள் காமாலை பி, சி வைரஸ்கள் இல்லை என்று பார்த்தும் உறுதி செய்ய வேண்டும். அப்படியானால் கீழாநெல்லிக்கு அங்கே வேலையே இல்லை. அம்மாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள். தம்பி வேலைக்குப் போகும் இடத்தில் கண்ணைப் பார்த்து யாராவது கேட்டு அது அவருக்குச் சங்கடமாக இருந்தால், அதையும் மருந்தை மாற்றுவதற்கான ஒரு காரணமாக ஏ.ஆர்.டி. மையத்தில் தயங்காமல் சொல்லலாம்.

ரத்தக் கொழுப்பில் ஒரு வகையான ட்ரைகிளிசரைடு 480 என்பது வெறும் வயிற்றில் எடுத்ததா என்று பாருங்கள். சாப்பிட்டுவிட்டு எடுத்திருந்தால் மீண்டும் எடுக்க வேண்டும். மது அருந்துபவராக இருந்தால் அதை நிறுத்துவதே முதல் மருந்து. 500-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் கணைய அழற்சி வரும் அபாயம் உண்டு என்பதால் அப்போது தனியாக மருந்து தேவைப்படும்.

கேள்வி: 55 வயதுப் பெண். மாதவிலக்கு நின்று ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. டெனோஃபோவிர் எலும்பைத் தின்றுவிடும் என்கிறார்களே, உண்மையா? முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக் போட்டுக்கொள்கிறேன்.

டெனோஃபோவிர் தொடங்கிய முதல் ஓரிரு ஆண்டுகளில் எலும்பு அடர்த்தி சில சதவீதம் குறைந்து, பிறகு பெரும்பாலும் அந்த நிலையிலேயே நிற்கும். மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு அது ஏற்கெனவே நடக்கும் தேய்மானத்தோடு சேர்ந்துகொள்வதால் வைட்டமின் டி அளவைப் பார்ப்பதும், வசதியிருந்தால் எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுப்பதும் பயனுள்ளவை. கேழ்வரகும் மோரும் நெத்திலியும் உணவில் இருக்கட்டும்.

எனக்குக் கவலை தருவது டைக்ளோஃபெனாக். அதுவும் டெனோஃபோவிரும் சிறுநீரகத்தை இரு பக்கங்களிலிருந்தும் தாக்கும். வலி மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்தது உண்டு. பாராசிட்டமாலுக்கு மாறுங்கள், கிரியேட்டினினும் சிறுநீரில் புரதமும் பாருங்கள். டோலுடெக்ராவிரும் சேர்ந்த மாத்திரை என்றால் கிரியேட்டினின் முதல் சில வாரங்களில் 0.1 அல்லது 0.2 கூடுவது இயல்பு. அது வெளியேறும் வழி சற்று அடைபடுவதால் வருவது, சிறுநீரகம் கெட்டதால் அல்ல. அதற்கு மேல் தொடர்ந்து ஏறினால்தான் மருந்தை மாற்ற யோசிக்க வேண்டும்.

கேள்வி: வயது 44, ஆண். கொழுப்பு அளவு சுமார்தான், சர்க்கரை இல்லை. இருந்தும் இதயத்துக்காக, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரை சாப்பிடச் சொல்கிறார் மருத்துவர். ஏற்கெனவே மாத்திரையால் சலித்துப் போயிருக்கிறேன். கூட்டு மருந்தைக் கொஞ்ச காலம் நிறுத்தினால் இதயத்துக்கு ஓய்வு கிடைக்காதா?

இதே எண்ணம் ஒரு காலத்தில் ஆய்வாளர்களுக்கும் இருந்தது. சி.டி.4 எனப்படும் நோயெதிர்ப்பு அணுக்கள் நன்றாக இருக்கும்போது மருந்தை நிறுத்தி, குறையும்போது மீண்டும் தொடங்கினால் பக்கவிளைவு குறையும் என்று எண்ணி 33 நாடுகளில் 5,472 பேரிடம் செய்து பார்த்தார்கள். 2006-இல் அந்த ஆய்வைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. மருந்தை விட்டு விட்டுச் சாப்பிட்டவர்களிடம் இறப்பு கூடியது. எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக, மாரடைப்பு போன்ற இதய நிகழ்வுகளும் சிறுநீரக, ஈரல் பாதிப்புகளும் அவர்களிடமே அதிகமாக இருந்தன. அடக்கப்படாத வைரஸ் உடலில் ஓயாத அழற்சியை மூட்டி ரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது. உங்கள் இதயத்துக்கு மருந்தைவிட வைரஸ் பெரிய பகை.

ஸ்டாட்டினுக்கு வருகிறேன். இந்தியா உள்ளிட்ட 12 நாடுகளில், 40 முதல் 75 வயது வரையுள்ள 7,769 எச்.ஐ.வி. நோயாளிகளிடம் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், இதய நோய் அபாயம் குறைவாகவோ நடுத்தரமாகவோ இருந்தவர்களுக்கே பிட்டாவாஸ்டாட்டின் 4 மி.கி. கொடுக்கப்பட்டது. பெரிய இதய நிகழ்வுகள் 35 சதவீதம் குறைந்தன. அந்த மருந்தைச் சாப்பிட்டவர்களில் புதிதாகச் சர்க்கரை வந்தவர்கள் சற்றே கூடுதலாக இருந்தார்கள் என்பதையும், ஏற்கெனவே அபாயம் மிகக் குறைவாக உள்ள ஒருவருக்குக் கிடைக்கும் லாபம் எண்ணிக்கையில் சிறியது என்பதையும் மறைக்க மாட்டேன். ஆகவே உங்கள் மருத்துவர் சொன்னது ஆதாரமுள்ள அறிவுரைதான், ஆனால் இன்றே தொடங்கியாக வேண்டிய அவசரமும் இல்லை. உங்கள் ரத்த அழுத்தம், குடும்பத்தில் இளம் வயது மாரடைப்பு, கூட்டு மருந்தில் அபாகாவிர் இருக்கிறதா என்பது ஆகியவற்றைக் கணக்கில் எடுத்து அவரோடு முடிவு செய்யுங்கள். புகைப் பழக்கம் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. அது இருக்குமானால், ஸ்டாட்டினைப் பற்றிப் பேசுவதற்கு முன் அதை நிறுத்துவதைப் பற்றிப் பேச வேண்டும்.